பழைய பதிவேடுகள் காப்பாற்றிய ஆறு எலிகள்

மருந்தியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து நீரிழிவு பற்றி ஆய்வு செய்கிறவர்களுக்கு ஓர் அட்டவணை மனப்பாடமாகவே இருக்கும். சாதாரண எலிகள் ஒரு குழு. ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு நீரிழிவை உண்டாக்கி, மருந்து எதுவும் தராமல் விடும் எலிகள் ஒரு குழு. வழக்கமான நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் பெறும் குழு ஒன்று. சோதிக்க வேண்டிய தாவரச் சாற்றைக் குறைந்த அளவில் ஒரு குழுவுக்கும் கூடிய அளவில் இன்னொரு குழுவுக்கும் தருவோம். ஆக 5 குழுக்கள், குழுவுக்கு 8, மொத்தம் 40 எலிகள். எங்கள் ஆய்வகத்தில் எனக்கு முன்னால் படித்தவர்கள் எல்லோரும் இதே ஐந்து குழுக்களைத்தான் வைத்தார்கள். சாறும் சில விவரங்களும்தான் ஆளுக்கு ஆள் மாறும். முதல் இரண்டு குழுக்கள் ஒவ்வொரு முறையும் அப்படியே திரும்ப வரும்.

அந்த இரண்டாவது குழுதான் என்னை உறுத்தியது. அந்த எலிகள் ஓயாமல் தண்ணீர் குடிக்கும். கூண்டில் பரப்பிய நெல் உமி ஒரே இரவில் சொதசொதவென்று நனைந்துவிடும். மற்றக் கூண்டுகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் உமி மாற்றினால் போதும், இவற்றுக்குத் தினமும் மாற்ற வேண்டும். நாளுக்கு நாள் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு மெலிந்துபோகும். மருந்து தராமல் விட்டால் சர்க்கரை எவ்வளவு ஏறும் என்பது எங்கள் அலமாரியில் ஏற்கெனவே பல முறை எழுதி வைக்கப்பட்ட செய்தி. அதை மறுபடி கண்டுபிடிக்க இன்னும் 8 உயிர்கள் ஏன்?

என் வழிகாட்டியிடம் இதைக் கேட்டேன். பழைய எலிகளின் அளவீடுகளைத் துணைக்கு எடுத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்காக மட்டும் வைக்கும் முதல் இரண்டு குழுக்களை, அதாவது கட்டுப்பாட்டுக் குழுக்களை, இம்முறை சிறிதாக்க முடியாதா? மேடம் மறுக்கவில்லை. "நெறிமுறைக் குழு கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் உன்னிடம் பதில் இருந்தால் நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். அதன்பின் நடந்ததை, இதே வழியில் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், இந்த யோசனைக்கு ஏன் கெட்ட பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1982-இல் சாக்ஸ், சால்மர்ஸ், ஸ்மித் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆறு வகைச் சிகிச்சைகளை எடுத்துக்கொண்டு, அவற்றைக் குலுக்கல் முறையில், அதாவது யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கிப் பிரித்து, சோதித்த ஆய்வுகளையும், பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பழைய நோயாளிகளோடு ஒப்பிட்ட 56 ஆய்வுகளில் 44, புதிய சிகிச்சைதான் சிறந்தது என்று முடிவு கூறின. குலுக்கல் முறையில் நடந்த 50 ஆய்வுகளில் 10 மட்டுமே அப்படிக் கூறின. சிகிச்சைகள் அவையேதான். ஒப்பிடப்பட்ட பழைய நோயாளிகளின் நிலை, குலுக்கல் ஆய்வுகளின் கட்டுப்பாட்டுக் குழுவினரைவிட மோசமாக முடிந்திருந்ததே வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம்.

இதைப் படித்த அன்றே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். இந்த ஆண்டின் கட்டுப்பாட்டுக் குழுவை முழுவதும் நீக்கக்கூடாது. அது சிறியதாகவாவது இருந்து, மற்றக் குழுக்களோடு ஒரே நாளில் குலுக்கிப் பிரிக்கப்பட்டு, அதே அறையில் வளர வேண்டும். பழைய எலிகள் அதற்குத் துணையாக மட்டும் நிற்கலாம்.

எந்தப் பழைய எலிகளைச் சேர்க்கலாம் என்பதற்குப் புள்ளியியலாளர் ஸ்டூவர்ட் போக்காக் 1976-இல் ஆறு நிபந்தனைகள் வைத்தார். மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்காக அவர் எழுதியவை எலிகளுக்கும் அப்படியே பொருந்துகின்றன. பழைய குழு பெற்ற சிகிச்சை இப்போதைய கட்டுப்பாட்டுக் குழு பெறப்போவதோடு ஒத்திருக்க வேண்டும். சேர்ப்பதற்கான தகுதி, அளக்கும் முறை, உடல்நிலை ஆகியவை ஒத்திருக்க வேண்டும். அதே நிறுவனத்தில், பெரும்பாலும் அதே ஆட்கள் செய்திருக்க வேண்டும். முடிவு மாறக்கூடும் என்று சந்தேகிக்க வேறு காரணம் எதுவும் இருக்கக்கூடாது.

இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பதிவேடுகளின் முன் உட்கார்ந்தேன். ஸ்ட்ரெப்டோசோடோசின் ஆய்வுகள் மொத்தம் 13 இருந்தன. இந்த வேலையில் மிக அதிகமான நேரத்தை விழுங்கியது இந்தக் கட்டம்தான். புள்ளியியல் கணக்கெல்லாம் இதற்குப் பிறகு வந்த எளிய வேலை என்றே சொல்வேன். ஓர் ஆய்வில் ஊசியின் அளவு கிலோவுக்கு 60 மில்லிகிராம். நாங்கள் போடுவது 45. அதை ஒதுக்கினேன். இன்னொன்றில் பெண் எலிகள், அதையும் ஒதுக்கினேன். ஒரு பதிவேட்டில் எலிகளை இரவு முழுவதும் பட்டினி போட்டு ரத்தம் எடுத்திருந்தார்கள், மற்றவற்றில் ஆறு மணி நேரம்தான். பட்டினி நேரம் மாறினால் சர்க்கரையின் அளவும் மாறிவிடும் என்பதால் அதுவும் போனது.

நான் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தது குளுக்கோமீட்டர் சிக்கல். ஒரு பதிவேட்டின் கடைசி வாரப் பத்தியில் 600, 600, 548, 600 என்று எழுதியிருந்தது. உயிருள்ள எலிகளின் சர்க்கரை இப்படி வட்டமாக ஒரே எண்ணில் வந்து நிற்காது. பென்சிலில் எழுதி அழித்த தடம் ஒன்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருந்தது, விளக்கடியில் பிடித்துப் பார்த்தபோது 'ஹை' என்று படிக்க முடிந்தது. நாங்கள் பயன்படுத்தும் வகைக் கருவி டெசிலிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டினால் எண்ணைக் காட்டாது, அந்தச் சொல்லை மட்டும் காட்டும். எழுதியவர் உச்சவரம்பையே அளவாக எழுதிவிட்டார். உண்மையில் அந்த எலிக்கு 610 இருந்ததா, 750 இருந்ததா, யாருக்கும் தெரியாது. அந்த ஆய்வின் சராசரியும் பொய், எலிக்கு எலி உள்ள வேறுபாடும் பொய். அதை எடுத்துத் தனியே வைத்தேன்.

இன்னொரு பொறி, இறந்துபோன எலிகள். இந்த முறையில் சில எலிகள் நடுவிலேயே இறந்துவிடும், பெரும்பாலும் சர்க்கரை மிக அதிகமாக ஏறியவை. கடைசி நாள் சராசரியில் பிழைத்தவை மட்டுமே இருக்கும். அதனால் ஒவ்வொரு பழைய ஆய்விலும் தொடக்கத்தில் எத்தனை, முடிவில் எத்தனை என்று பார்க்க வேண்டியிருந்தது. ஆய்வேடுகளில் அது எழுதப்படவில்லை. விலங்குக் கூடத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் அண்ணன் வைத்திருந்த தினசரி நோட்டில்தான் இருந்தது. எந்த நாளில் எந்தக் கூண்டில் எலி இறந்தது, எந்த மாதம் தீவனம் வாங்கும் இடம் மாறியது, எந்தக் கோடையில் குளிர்சாதனம் பழுதாகி அறை வெந்தது என்று எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. ஆய்வாளர்கள் எழுத மறந்ததை அவர் எழுதி வைத்திருந்தார். என் நன்றியுரையில் அவர் பெயர் முதலில் வருகிறது.

சலித்து முடித்தபோது 13-இல் 7 ஆய்வுகள் தேறின. அவற்றில் குழுவுக்கு 8 இல்லை, 6 எலிகள்தான்; ஆக நீரிழிவுக் கட்டுப்பாட்டு எலிகள் 42. சாதாரண எலிகளும் அதே 42.

வெளி ஆய்வகங்கள் பிரசுரித்த கட்டுரைகளிலிருந்து இன்னும் நூற்றுக்கணக்கான எலிகளைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். சேர்க்கவில்லை. 1999-இல் கிராப், வால்ஸ்டன், டூடெக் ஆகியோர் ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லாந்து என்ற மூன்று இடங்களில் ஒரே இனச் சுண்டெலிகளை, ஒரே வகைக் கருவிகளோடு, ஒரே திட்டப்படி சோதித்தார்கள். முடிந்தவரை எல்லாவற்றையும் ஒன்றுபோல வைத்தும் சில நடத்தைச் சோதனைகளின் முடிவுகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. அவ்வளவு கவனமாகத் திட்டமிட்டவர்களுக்கே அப்படியென்றால், யாரோ எங்கோ எப்படியோ வளர்த்த எலியை என் எலிக்குத் துணையாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது கணக்கு. பக்கத்துக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். 42 எலிகள் கையில் இருப்பதால் இந்த ஆண்டு கட்டுப்பாட்டுக் குழுவே தேவைப்படாது என்ற நினைப்போடு போனவர்களைத் தாம் நிறையப் பார்த்திருப்பதாகச் சொன்னார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது அந்தப் பானைக்கு மட்டும்தான். ஏழு பானைகளிலிருந்து ஆறாறு பருக்கையாக எடுத்துப் பார்த்திருந்தாலும், எட்டாவது பானை எப்படி வெந்திருக்கும் என்று ஊகிக்கப் பானைக்குப் பானை எவ்வளவு வேறுபடுகிறது என்பதே முக்கியம். பருக்கைகளின் எண்ணிக்கை அங்கே அதிகம் உதவாது.

எங்கள் எண்களை முழு எண்களாக்கிச் சொல்கிறேன். ஒரே ஆய்வுக்குள் நீரிழிவு எலிகளின் திட்டவிலக்கம், அதாவது அளவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, 60. ஓர் ஆய்வின் சராசரிக்கும் இன்னொன்றின் சராசரிக்கும் இடையிலான திட்டவிலக்கம் 30. அறுபதை முப்பதால் வகுத்து வர்க்கப்படுத்தினால் 4. எத்தனை ஆயிரம் பழைய எலிகள் இருந்தாலும், அவை இந்த ஆண்டின் 4 எலிகளுக்கு மேல் மதிப்புப் பெறாது. எங்களிடம் இருப்பவை 7 ஆய்வுகள்தான் என்பதால் அந்த மதிப்பு இன்னும் குறைந்து சுமார் 3.2 ஆகிறது. 42 எலிகளின் மதிப்பு 3 எலிகள்! அந்தத் தாளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண எலிகளுக்கு நிலைமை நன்றாக இருந்தது. உள் வேறுபாடு 9, ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு 3 மட்டுமே. அந்த 42-க்கு ஆறரை எலிகளின் மதிப்பு கிடைத்தது.

இது எங்கள் எலிகளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2013-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, செக்குகினுமாப் என்ற மருந்தின் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு நோய்க்கான இரண்டாம் கட்டச் சோதனை அது. மருந்து பெற்றவர்கள் 24 பேர், போலி மருந்து பெற்றவர்கள் 6 பேர் மட்டுமே. அந்த 6 பேருக்குத் துணையாக, முன்பு நடந்த 8 ஆய்வுகளில் போலி மருந்து பெற்ற 533 பேரின் விவரங்களை, முன்பே தெரிந்ததைப் புதிய தரவோடு எடைபோட்டு இணைக்கும் பேய்சியன் முறையில் சேர்த்தார்கள். ஆய்வுக்கு ஆய்வு உள்ள வேறுபாட்டைக் கழித்தபின் அந்த 533 பேருக்கு அவர்கள் தந்த மதிப்பு 43 பேர். போலி மருந்தோடு வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர்கள் 6 பேராகக் குறைந்ததற்கு அந்த 43 போதுமானதாக இருந்தது. நான் நெறிமுறைக் குழுவின் முன் வைத்த முதல் சான்று இதுதான்.

பழைய எலிகளும் புதிய எலிகளும் முரண்பட்டால் என்ன செய்வது? இதற்கு ஷ்மிட்லியும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் ஒரு வழி எழுதினார்கள். பழைய தகவலுக்கு முழு நம்பிக்கை தராமல், ஒரு பகுதியை 'எதுவும் தெரியாது' என்ற நிலைக்கு ஒதுக்கிவிட வேண்டும். இந்த ஆண்டின் எலிகள் பழையவற்றிலிருந்து வெகுவாக விலகினால் பழையவற்றின் எடை தானாகவே குறைந்துவிடும். நாங்கள் 80-க்கு 20 என்று வைத்தோம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஆர்பெஸ்ட் என்ற இலவசத் தொகுப்பு இந்தக் கணக்குகளைச் செய்கிறது. இந்த எச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு. நீரிழிவுக் குழுவின் 3.2 எலி மதிப்பு இரண்டுக்குச் சற்று மேலாகவும், சாதாரணக் குழுவின் ஆறரை நான்குக்குச் சற்று மேலாகவும் இறங்கின.

டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 8 எலிகள் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அதிலிருந்து நீரிழிவுக் கட்டுப்பாட்டுக் குழுவை 6 ஆகவும் சாதாரணக் குழுவை 4 ஆகவும் குறைத்தோம். 40 எலிகள் 34 ஆயின.

பேராசிரியர் இதோடு விடவில்லை. பயனில்லாத சாற்றைப் பயனுள்ளது என்று இந்த முறை தவறாகச் சொல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று கணினியில் ஆயிரக்கணக்கான கற்பனை ஆய்வுகளை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். இந்த ஆண்டின் எலிகள் பழையவற்றோடு ஒத்துப்போனால் அந்த வாய்ப்பு வழக்கமான 5 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. ஓரளவு விலகினால் 7 சதவீதம் வரை ஏறியது. வெகுவாக விலகினால் மறுபடி 5-ஐ நோக்கி இறங்கியது. ஆபத்து நடுவில் இருக்கிறது. கணினியும் கண்டுகொள்ளாத, ஆனால் முடிவைச் சாய்த்துவிடக்கூடிய சிறு விலகல்தான் பயப்பட வேண்டியது. இந்த முடிவுகளை மறைக்காமல் விண்ணப்பத்தோடு இணைத்தேன். பழைய தரவுக் கோப்பு, எடை, பகுப்பாய்வு முறை எல்லாவற்றையும் முதல் எலிக்கு ஊசி போடுவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிட்டேன். முடிவு தெரிந்தபின் எடையை மாற்றினால் இந்த முறைக்கு அர்த்தமே கிடையாது.

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவுக்குத் தர வேண்டியது 'பி' படிவம். கேட்கும் எண்ணிக்கைக்குக் காரணம் எழுத வேண்டிய இடம் அதில் உண்டு. பலரும் 'முந்தைய ஆய்வுகளின்படி' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நான் பல பக்கங்கள் இணைத்திருந்தேன். கூட்டத்தில் சமூக அக்கறையுள்ள உறுப்பினராக வந்திருந்தவர், அறிவியல் துறை சாராதவர், நேரடியாகக் கேட்டார்: "இவ்வளவு பழைய எலிகள் இருக்கும்போது அந்த ஆறு மட்டும் எதற்கம்மா?" அறையிலேயே சிறந்த கேள்வி அதுதான். 56-இல் 44 கதையைச் சொன்னேன். கால்நடை மருத்துவர் இறப்பைப் பற்றிக் கேட்டார். ஆறில் இரண்டு போனால் என்ன மிஞ்சும்? இறந்தால் மட்டும் பயன்படுத்த இரண்டு எலிகள் கூடுதலாக அனுமதிக்கப்பட்டன. விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.யின் பிரதிநிதி, அந்த 7 பழைய ஆய்வுகளின் அனுமதி எண்களையும் கேட்டார். அனுமதி பெறாத ஆய்வின் தரவு உள்ளே வந்துவிடக்கூடாது என்பது அவர் கவலை. நியாயமான கவலை. இதைச் செய்ய நினைப்பவர்கள் அந்த எண்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: முடிவுகளை இரண்டு விதமாகவும், அதாவது பழைய எலிகளைச் சேர்த்தும் சேர்க்காமலும், எழுத வேண்டும்.

அந்த நிபந்தனை எவ்வளவு தேவையானது என்று முடிவில் புரிந்தது. பழைய நீரிழிவு எலிகளின் சராசரி 410. இந்த ஆண்டின் ஆறு எலிகளுக்கு 385. இந்த விலகல் 30-க்குள்தான் இருக்கிறது, கணினி எந்த முரண்பாட்டையும் காணவில்லை. ஆனால் திசையைப் பாருங்கள். பழையவை அதிகம் என்றால், அவற்றைச் சேர்க்கும்போது கட்டுப்பாட்டுக் குழுவின் சராசரி உயரும், சாறு உண்மையைவிட நல்லதாகத் தெரியும். கூடிய அளவுச் சாறு எப்படிப் பார்த்தாலும் தெளிவாகச் சர்க்கரையைக் குறைத்திருந்தது. குறைந்த அளவுக்குத்தான் சிக்கல். பழைய எலிகளைச் சேர்த்தால் வேறுபாடு 64, நம்பக இடைவெளி (உண்மையான வேறுபாடு பெரும்பாலும் அடங்கியிருக்கும் எல்லை) பூஜ்யத்தைத் தொடவில்லை. சேர்க்காவிட்டால் 57, இடைவெளி பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது. குறைந்த அளவு பலன் தருகிறது என்று நான் எழுதவில்லை. இரண்டு எண்களையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்து, தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினேன். பழைய எலிகளின் துணை இருந்தால்தான் நிற்கும் முடிவை, இன்னொருவர் தம் எலிகளைப் பலியிட்டுத் தொடரும்படி செய்ய எனக்கு உரிமை இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

கட்டுரையை மதிப்பிட்டவர்களில் ஒருவர், கட்டுப்பாட்டுக் குழு ஏன் மற்றவற்றைவிடச் சிறியது என்று கேட்டார். நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த பக்கங்களையே அவருக்கும் அனுப்பினோம். விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று கூறும், 2020-இல் புதுப்பிக்கப்பட்ட அரைவ் வழிகாட்டு நெறிகள் விலங்குகளின் எண்ணிக்கையை எப்படி முடிவு செய்தோம் என்று விளக்கச் சொல்கின்றன. ஆகவே எங்களிடம் பதில் தயாராக இருந்தது.

ஆறு எலிகள் குறைந்தது சிறியது என்று சிலர் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் இந்த ஆய்வு நடக்கிறது. அந்த 30 என்ற எண் 20 ஆனால், நீரிழிவு எலிகளுக்கான உச்சவரம்பு 4-இலிருந்து 9 ஆக உயர்ந்துவிடும். அதை இறக்குவது கணக்கால் ஆகிற காரியம் கிடையாது. ஒரே பட்டினி நேரம், ஒரே வகைக் குளுக்கோமீட்டர், அதே இடத்தில் வாங்கிய தீவனம், ஒரே வயது எலிகள் என்று வேலை செய்தால்தான் இறங்கும். இப்போது எங்கள் பதிவேட்டில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி இருக்கிறது. கருவி 'ஹை' என்று காட்டினால் 'ஹை' என்றே எழுத வேண்டும். எலி இறந்தால் நாளும் கூண்டு எண்ணும் எழுத வேண்டும். அண்ணனின் தினசரி நோட்டை வாரம் ஒரு முறை கணினியில் ஏற்றுகிறோம். அடுத்த ஆய்வைத் தொடங்கியிருக்கும் தங்கைக்கு என் ஆறு எலிகளையும் சேர்த்து 8 ஆய்வுகளின் கோப்பை ஒப்படைத்திருக்கிறேன். ஆய்வுக்கு ஆய்வு உள்ள வேறுபாட்டை அவள் புதிதாகக் கணக்கிட்டு வருகிறாள்.